தட்டில் வந்த சீட்டு

எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாத ஒரு மனிதருக்கு நான் ஒரு சீட்டைப் பொய்யாகப் படித்துக் காட்டினேன். அதில் எழுதியிருந்தது ஒன்று, நான் படித்தது வேறு. அப்போது நான் பள்ளிக்கூட வாத்தியார். பிள்ளைகளுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்து அதற்குச் சம்பளம் வாங்கியவன். நான் படித்ததைக் கேட்டு அவர் மேடையை விட்டு இறங்கினார். அதற்குப் பிறகு அவர் எந்த மேடையிலும் ஏறவில்லை. வயசுக் கோளாறு, அவசரம், அன்றைய சூழ்நிலை என்றெல்லாம் எனக்கு நானே பல விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எதுவும் நிற்கவில்லை. பொறாமையால் செய்தேன்.

எழுபதுகளின் பிற்பகுதி. கள்ளக்குறிச்சி மாவட்டமாவதற்கு வெகு காலம் முன்பு. ஊரில் எங்களுடையதாக ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. 'செட்டு' என்பார்கள். கடைவீதியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர்தான் தலைவர்; எல்லோருக்கும் மாஸ்டர். ஆர்மோனியம் அவர் வாசிப்பார். தபேலாக்காரர் பகலில் அரிசி ஆலையில் மூட்டை எடை போடுகிறவர். பெண் குரலுக்குக் கடலூரிலிருந்து ஓர் அம்மா பஸ்ஸில் வருவார். வசதியுள்ள வீடுகளில் கடலூர், பாண்டிச்சேரி செட்டுகளைத்தான் கூப்பிடுவார்கள். அவர்களிடம் எலக்ட்ரிக் கிட்டார் உண்டு. கடற்கரை ஊர்க்காரர்கள் என்பதாலேயே அவர்கள் பாட்டில் ஏதோ கூடுதலாக இருப்பதாக எங்கள் பக்கத்தில் ஒரு நினைப்பு. எங்களிடம் இருந்தது மாஸ்டர் தானே பற்றவைத்துச் செய்த ஆம்ப்ளிஃபயர், ஆறு அரக்கு நிறக் கோட்டுகள். சங்கராபுரம், தியாகதுருகம், சின்னசேலம் என்று சுற்றுவட்டாரத்தில் கல்யாண வரவேற்பு, காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் போவோம். பொழுது சாயும்போது ஆரம்பித்துப் பந்தியில் கடைசி இலை எடுப்பதற்குள் முடித்துவிடுவோம்.

நான் அதில் அறிவிப்பாளன். ஒரு நிகழ்ச்சிக்கு இரண்டு பாட்டும் பாடுவேன். தமிழ் எம்.ஏ. படித்தவன், உச்சரிப்பு சுத்தம் என்பதால் மைக் என் கையில் இருந்தது. சீட்டுகளும் என் கையில்தான்.

சீட்டு என்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். பாட்டுக் கேட்க உட்கார்ந்திருப்பவர்கள் தங்களுக்கு வேண்டிய பாட்டை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அனுப்புவார்கள். சிகரெட் அட்டை, பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், கல்யாணப் பத்திரிகையின் ஓரம், எதிலும் வரும். கை மாறி மேடைக்கு வந்து சேரும். அறிவிப்பாளன் படித்து, முடிந்ததைப் பாடவைப்பான். முடியாததைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். ஆனால் விசேஷ வீட்டுக்காரர்களின் சீட்டு கை மாறி வராது. வெற்றிலைத் தட்டில் வைத்து, வீட்டு ஆள் ஒருவர் மேடைக்கே கொண்டுவந்து தருவார். தட்டைப் பார்த்தாலே எல்லோருக்கும் தெரிந்துவிடும். தட்டுச் சீட்டு என்றால் உத்தரவு. அதில் உள்ளபடி உடனே செய்ய வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. பிறகும் கேட்கக் கூடாது. வீட்டில் ஆயிரம் இருக்கும், அதைக் கிளறுவது நமக்கு மரியாதை இல்லை என்பார் மாஸ்டர். ஒருமுறை சங்கராபுரத்தில் தபேலாவை நிறுத்தும்படி தட்டுச் சீட்டு வந்தது. பாட்டின் நடுவிலேயே நிறுத்திவிட்டு, மீதியை வெறும் ஆர்மோனியத்தோடு முடித்தோம். காரணம் இன்றுவரை தெரியாது.

இந்த வழக்கம் இல்லையென்றால் என் பொய் ஐந்து நிமிடம்கூட நின்றிருக்காது.

அவர் கல்வராயன் மலையிலிருந்து வந்தவர். வாரச் சந்தைக்குப் புளியும் கடுக்காயும் கொண்டுவருவார். விற்று முடித்ததும் மாஸ்டரின் கடை முன்னால் நின்று ரேடியோ கேட்பார். இரண்டு தடவை கேட்ட பாட்டை, இடையில் வரும் வயலின் உட்பட, அப்படியே பாடுவார். ஒரு நாள் மாஸ்டர் ரேடியோவை அணைத்துவிட்டு அவரைப் பாடச் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் ஒத்திகைக்கு வந்துவிட்டார். அப்போது அவருக்கு இருபத்து நாலு, இருபத்தைந்து வயது இருக்கும். எனக்கு அவரைவிட இரண்டு மூன்று வயது கூட. நாங்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மலைக்காரர் என்போம். அவர் என்னை 'மைக் சார்' என்பார்.

படிக்கத் தெரியாது என்பதை அவர் மறைக்கவில்லை. வெட்கப்படவும் இல்லை. புதுப் பாட்டு என்றால் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்து நான் வரி வரியாக வாசிப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். மறுமுறை வாசிக்கத் தேவையிருக்காது. ஏழெட்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவருக்கு நான்தான் படித்துக் காட்டினேன். காகிதத்தில் இருப்பது என் வாயில் வருவதுதான் என்று அவர் நம்பியதற்கு நானே பழக்கப்படுத்தியதுதான் காரணம்.

ஒரு ஒத்திகையில் நான் பாடி முடித்ததும் அவர் மெதுவாகச் சொன்னார், "சார், அந்த எடத்துல நீங்க கொஞ்சம் முன்னாடியே எறங்கிடறீங்க. இன்னும் ஒரு மூச்சு நிக்கணும்." சொன்னது சரி. மாஸ்டர் ஆர்மோனியத்தில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். "வாத்தியாருக்கே வாத்தியார் வந்துட்டாருய்யா," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு என்னோடு வந்தது.

சீட்டுகளிலும் மாற்றம் தெரிந்தது. முன்பெல்லாம் பாட்டின் முதல் வரியைத்தான் எழுதுவார்கள். இப்போது 'மலைக்காரர் பாடட்டும்' என்று வர ஆரம்பித்தது. அவற்றில் சிலவற்றை நான் படிக்காமலே பையில் போட்டுக்கொண்டேன். சின்னத் திருட்டுதான். யாருக்கும் தெரியவில்லை.

வரப்போகும் மாரியம்மன் திருவிழாவுக்கு அடிக்கும் போஸ்டரில் பாடகர்கள் வரிசையில் அவர் பெயரையும் போடுவதாக மாஸ்டர் சொல்லியிருந்தார். அவருக்கு அது பெரிய விஷயம். மலையிலிருந்து சந்தைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அந்தப் போஸ்டரைத் தாண்டித்தான் பஸ் ஏற வேண்டும். படிக்கத் தெரிந்த யாராவது ஒருவர் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுவார் என்று அவர் கணக்குப் போட்டு வைத்திருந்தார். பெயர் எழுத்தில் எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். அதைக் கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "இத்தினி எழுத்தா சார்? நான் ரெண்டுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்," என்றார்.

போஸ்டர் அச்சுக்குப் போவதற்கு முந்தின வாரம் தியாகதுருகத்தில் ஓர் அரிசி வியாபாரியின் மகளுக்குக் கல்யாணம். மலைக்கோட்டைப் பக்கத் தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். அன்றைக்கு என் பள்ளிக்கூடத் தலைமையாசிரியரும் சக ஆசிரியர்களும் வந்திருந்தார்கள். நான் பாடி அவர்கள் கேட்டதில்லை. ஒரு மாதமாக ஒரே பாட்டைப் பாடிப் பழகியிருந்தேன்.

எனக்கு முன்னால் மலைக்காரர் பாடினார். மெதுவான பாட்டு. பந்தலில் பேச்சு அடங்கியது. பந்தி பரிமாறுகிறவர்கள் வாளியோடு வந்து நின்றார்கள். மணப்பெண்ணின் தாத்தா முன்வரிசையில் சாய்வு நாற்காலியில் இருந்தார். தலையை ஆட்டாமல், கையை அசைக்காமல் கேட்டார். பாட்டு முடிந்து இரண்டு விநாடி கழித்துத்தான் கைதட்டல் வந்தது. தட்டியவர்களில் என் தலைமையாசிரியரும் இருந்தார்.

அந்தக் கைதட்டல் ஓய்வதற்குள் வெற்றிலைத் தட்டு வந்தது. பத்திரிகை உறையின் பின்பக்கத்தில் நீல மையில் எழுதியிருந்தார்கள். 'மலைக்காரத் தம்பி பாடிய பாட்டை இன்னொரு முறை பாடச் சொல்லவும். அப்பா கேட்க ஆசைப்படுகிறார்.' அவ்வளவுதான். மணப்பெண்ணின் தகப்பனார் எழுதியது.

கொண்டுவந்தவர் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். மாஸ்டர் என் பாட்டுக்கான முன்னிசையை ஆரம்பித்துவிட்டார்; இரண்டு கையும் ஆர்மோனியத்தில். நான் மைக்கை உள்ளங்கையால் மூடிக்கொண்டு அவரிடம் குனிந்து, மலைக்காரர் இனிமேல் பாட வேண்டாமென்று வீட்டுக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள் என்றேன். இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் வாய் தடுமாறவும் இல்லை. மாஸ்டர் முகம் சுருங்கியது. தட்டைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக் கூடாதே.

மலைக்காரர் என் பக்கத்தில் நின்றிருந்தார். "சார், இன்னா போட்டுக்குது?" என்றார்.

அந்த இடத்திலாவது நான் நின்றிருக்கலாம். பிறகு சொல்கிறேன் என்றிருக்கலாம். சீட்டை அவர் முன்னால் பிரித்து வைத்து, ஒவ்வொரு எழுத்துக்கு அடியிலும் விரலை நகர்த்தி, அதில் இல்லாததைப் படித்தேன்.

"மலையிலேந்து வந்தவரு பாட வேணாம். எறக்கி விட்டுடவும்."

அவர் என் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் கடைசி எழுத்தில் நின்றதும் தலையை ஆட்டினார். கோட்டைக் கழற்றினார். மடித்து, காலர் மேலே தெரியும்படி ஆர்மோனியப் பெட்டியின் மூடிமேல் வைத்தார். பின்பக்கப் படியில் இறங்கிப் போனார். நான் சீட்டைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு பாட ஆரம்பித்தேன். நன்றாகவே பாடினேன். கை தட்டினார்கள்.

சற்று நேரத்தில் வீட்டு ஆள் மறுபடி வந்து, அந்தத் தம்பி எங்கே என்று என்னைக் கேட்டார். வாந்தி எடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார் என்றேன். முதல் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது பொய். சாய்வு நாற்காலிக்காரரின் காதில் யாரோ குனிந்து சொல்வதைப் பார்த்தேன். அவர் சரி என்பதுபோல் கையைத் தூக்கினார். வீட்டுக்கு வந்ததும் சீட்டை அடுப்பில் போட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலைக்காரர் வரவில்லை. மலைக்கு ஓடும் வெள்ளிமலை பஸ்ஸின் கண்டக்டரிடம் மாஸ்டர் சொல்லியனுப்பினார். கீழே வந்து பாடுவதில்லை என்று பதில் வந்தது. சந்தைக்கு வந்தால்கூட அவர் கடைவீதிப் பக்கம் வருவதை விட்டுவிட்டார். போஸ்டர் அவர் பெயரில்லாமல் வந்தது. மாஸ்டர் அந்த அரிசி வியாபாரி மேல் தீராத கோபம் வைத்திருந்தார். இரண்டு வருடம் கழித்துத் தன் மகன் கல்யாணத்துக்கு அந்த வியாபாரியே நேரில் வந்து கூப்பிட்டபோது, மாஸ்டர் தேதி இல்லை என்று அனுப்பிவிட்டார். தேதி இருந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. மாஸ்டர் இறந்தபோதும் அவருக்கு உண்மை தெரியாது. எனக்குக் கல்யாணமாகி, வேறு ஊருக்கு மாற்றலாகி, செட்டிலிருந்து விலகினேன். குழு வேறு ஆட்களோடு நடந்துகொண்டிருந்தது.

பதினெட்டு வருடம் கழித்து, கள்ளக்குறிச்சிக்கே தலைமையாசிரியனாகத் திரும்பி வந்திருந்தேன். சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கான பாட்டுப் போட்டி எங்கள் பள்ளியில் நடப்பதாக ஏற்பாடு. போட்டியாளர் பட்டியல்கள் என்னிடம் வரும். மலையில் உள்ள ஒரு பள்ளியிலிருந்து வந்த பட்டியலில் ஒரே ஒரு பெயர் இருந்தது. எட்டாம் வகுப்பு மாணவி. அந்தப் பெயரும் அடிக்கப்பட்டிருந்தது. அடித்துவிட்டு எதற்கு அனுப்ப வேண்டும் என்று, கொண்டுவந்த ஆசிரியையைக் கேட்டேன். சின்ன வயதுப் பெண். மனசு கேட்காமல்தான் கொண்டுவந்தேன் சார் என்றார். அந்தப் பிள்ளை பாடினால் வகுப்பே எழுதுவதை நிறுத்திவிடும், ஆனால் அப்பா அனுப்ப மாட்டேன் என்கிறார், வீட்டுக்கே மூன்று தடவை போய்விட்டேன் என்றார். அந்த அப்பா சொன்னதை அப்படியே சொல்லிக் காட்டினார்: "கீழ இருக்கறவங்க நல்லாத்தான் கேப்பாங்க டீச்சரு. அப்புறம் எழுதிக் குடுத்து எறக்கி வுட்டுருவாங்க. எனக்கே பண்ணாங்க, தியாகதுருகத்துல."

"யாராவது அப்படி எழுதுவாங்களா சார்?" என்று ஆசிரியை கேட்டார்.

நான் அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அன்றைக்கும் சொல்லவில்லை. அவருக்குச் செய்தது அவரோடு முடிந்துவிட்டது என்று அதுவரை எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. அது போய்விட்டது. போட்டிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை போனேன். அங்கிருந்து மூன்று மைல் நடை. மண்சுவர், புல் வேய்ந்த கூரை. அவர் வாசலில் உட்கார்ந்து புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. முகத்தைப் பார்த்து அவருக்கு அடையாளம் தெரியவில்லை. வணக்கம் சொன்னதும் குரல் பிடிபட்டுவிட்டது. "மைக் சாரு மலை ஏறி வந்துக்கிறாரு பாரு," என்று உள்ளே பார்த்துச் சொன்னார். அவர் மனைவி ஒரு சொம்பில் சாமைக் கஞ்சி கொண்டுவந்தார். முதலில் ஒன்று சொல்ல வேண்டும், பிறகு குடிக்கிறேன் என்றேன்.

"தியாகதுருகத்துல வந்த சீட்டு. அதுல நான் படிச்ச மாதிரி எழுதியிருக்கலீங்க. உங்கள இன்னொரு தபா பாடச் சொல்லித்தான் எழுதியிருந்தாங்க. நான் மாத்திப் படிச்சேன்."

அவர் புளியைத் தட்டுவதை நிறுத்தவில்லை. நாலைந்து கொட்டை தெறித்து விழுந்த பிறகு, "ஏன்?" என்றார்.

"உங்களுக்குக் கை தட்டினாங்க. எனக்குப் பொறுக்கல."

அவர் மனைவி சொம்பை எடுத்துக்கொண்டார். "பதினெட்டு வருசமா இந்த ஆளு மாரியாத்தா கோயில்லகூட வாயத் தொறக்கல," என்றார் என்னிடம். "ஏரு ஓட்டறப்போ மாட்டுக்குத்தான் பாடிக்கினு கெடக்கறாரு. அதுங்கதான் சீட்டு எழுதாதாம்." சொல்லிவிட்டுக் கஞ்சியை உள்ளே கொண்டுபோய்விட்டார். நான் அதைக் குடிக்கும் நிலையில் இல்லை.

சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று அவர் கேட்டார். சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். மூன்றாவது முறையும் கேட்டார். யாருடைய அப்பா கேட்க ஆசைப்பட்டார் என்று விசாரித்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார்.

"அப்ப பொய் படிச்சீங்க. இப்ப சொல்றது நெசம்னு நான் எப்புடி சார் நம்பறது? பாப்பாவ அனுப்பணும்னு டீச்சரு சொல்லிக்கூட நீங்க வந்துருக்கலாம்."

மலை ஏறி வரும் வழியில் அவர் அடிப்பார், திட்டுவார், அழுவார் என்றெல்லாம் நினைத்திருந்தேன். நம்ப மாட்டார் என்று நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் உண்மையாக எடுத்துக்கொள்வார்கள் என்பது, எப்போதும் நம்பப்பட்டுப் பழகியவனின் எண்ணம். காட்டுவதற்கு இருந்த ஒரே சீட்டையும் நானே எரித்திருந்தேன். கடைசியில், எழுதியவர் உயிரோடு இருக்கிறார், வாருங்கள் அவரையே கேட்கலாம், நான் வாயைத் திறக்க மாட்டேன் என்றேன். அவர் திங்கட்கிழமை கீழே வருவதாகச் சொன்னார்.

திங்கட்கிழமை கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் அவர் தன் மகளோடு நின்றிருந்தார். பள்ளிச் சீருடை, எண்ணெய் வைத்துப் பின்னிய இரட்டைச் சடை. எதற்கு அழைத்து வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார், "அங்க எதுனா எழுதிக் காட்டினாங்கன்னா பாப்பா படிச்சிரும்." பஸ்ஸில் எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தப் பெண் உட்கார்ந்து வந்தது. வழியில் வந்த கடைப் பலகைகளை உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டே வந்தது.

அரிசி வியாபாரிக்கு எழுபதைத் தாண்டியிருந்தது. மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். நான் சொன்னபடி ஒதுங்கி நின்றேன். மலைக்காரர்தான் பேசினார். "ஐயா, உங்க பொண்ணு கல்யாணத்துல செட்டுக் கச்சேரி வெச்சீங்களே. மலையிலேந்து வந்து பாடினவன் நான்தாங்க."

கிழவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "வாந்தி எடுத்துட்டுப் போயிட்டதா சொன்னாங்களே, அந்தத் தம்பியா? அன்னிக்கி உன்ன இன்னொரு தபா பாடச் சொல்லிச் சீட்டு அனுப்பிச்சேனே. அப்பா கேக்கணும்னாரு." யாரும் கேட்காமல் அவராகவே சொன்னார். "அதுக்கப்புறம் ரெண்டு வருசம் இருந்தாரு மனுசன். ரேடியோல அந்தப் பாட்டு வந்தா, அந்தப் பையன் பாடின மாதிரி இல்லடா, நிறுத்துன்னுவாரு."

மலைக்காரர் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். மகள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டது.

நான் முன்னால் போய் எல்லாவற்றையும் வியாபாரியிடம் சொன்னேன். மாஸ்டர் தேதி இல்லை என்று சொன்ன காரணத்தையும் சொன்னேன். இன்ன குறை வைத்தோம் என்று தெரியாமல் மாஸ்டரைப் பற்றி ஊரெல்லாம் தாறுமாறாகப் பேசினேனே என்று அவர் வருத்தப்பட்டார். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை. காபி வரவழைத்தார், இரண்டு டம்ளர் வந்தது, அப்பாவுக்கும் மகளுக்கும். அந்தப் பாட்டை இப்போது ஒருமுறை பாடுகிறாயா என்று மலைக்காரரைக் கேட்டார்.

"எனக்கு இனிமே வராதுங்க. பாப்பா பாடும். கள்ளக்குறிச்சில போட்டிக்கு வருது, வந்து கேளுங்க," என்றார் அவர்.

மகளை அனுப்பப்போகிறார் என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. திரும்பும் பஸ்ஸுக்கு நிற்கும்போது மகளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார்.

"பாப்பா வரும் சார். ஆனா நீங்க அங்க இருக்கக் கூடாது."

சரி என்றேன்.

"அன்னிக்கி மட்டும் இல்ல. அது எங்க பாடினாலும். கோவத்துல சொல்லல. உங்க காதுல வுழுந்தா எனக்குப் பயமா கீது."

போட்டி என் பள்ளியில், நான் தலைமையாசிரியர். அன்றைக்கு விடுப்பு எடுத்தேன். காரணம் கேட்ட உதவித் தலைமையாசிரியரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். சொல்லிப் பழக வேண்டும் என்று தோன்றியது. அவர் அதற்குப் பிறகு என்னோடு பழைய மாதிரி சிரித்துப் பேசியதில்லை. சான்றிதழ்களில் அவரையே கையெழுத்துப் போடச் சொன்னேன். காலையில் திருநாவலூர் போய்க் கோயிலில் உட்கார்ந்திருந்தேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. மாலையில் திரும்பியபோது மலைப்பள்ளி ஆசிரியை எனக்காகக் காத்திருந்தார். இரண்டாம் பரிசு. அரிசி மண்டிக்காரர் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டாராம். அப்பா கடைசிவரை வாசல் பக்கம் நின்றபடியே இருந்தாராம். மேடைக்கு யாராவது காகிதம் கொண்டுபோகும்போதெல்லாம் ஓர் அடி முன்னால் வந்தாராம்.

அந்தப் பெண் இப்போது சங்கராபுரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. விடுமுறை நாட்களில் ஒரு குழுவில் பாடுகிறாள். போஸ்டர்களில் பெயர் வருகிறது. தகப்பனாரைச் சந்தையில் இரண்டொரு முறை எதிரில் பார்த்தேன். வணக்கம் சொன்னால் திருப்பிச் சொல்வார். நின்று பேசியதில்லை. நிபந்தனை இன்னும் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்கும் இடத்தில் நான் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் சங்கராபுரத்தில் என் பழைய மாணவன் மகளின் கல்யாண வரவேற்பு. எந்தக் குழு என்று விசாரிக்காமல் போய்விட்டேன். சாப்பிட இலை போட்டு உட்கார்ந்திருந்தபோது, அறிவிப்பாளர் அடுத்துப் பாடப்போகிறவர் என்று அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னார். பாதி இலையில் எழுந்தேன். மாணவன் பின்னாலேயே ஓடிவந்து, சாப்பாட்டில் குறையா சார் என்றான். இல்லையப்பா என்று மட்டும் சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன். பஸ் நிலையம்வரை கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். முன்னிசை ஆரம்பித்துவிட்டது. நின்றிருந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து இரண்டு காதையும் கையால் அழுத்திப் பொத்திக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் என் தோளைத் தொட்டு, காது வலியா என்று சைகையில் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். பஸ் கிளம்புவதற்கு இன்னும் நேரமிருந்தது.